1/48 எஃப்-16: ரெசின் காக்பிட் வைத்தால் உடல் மூடவில்லை. எந்த ரெசின் பாகங்கள் உழைப்புக்கு ஏற்ற பலன் தருகின்றன?

வான்தச்சன்:
வணக்கம். 1/48 அளவில் எஃப்-16சி பிளாக் 50 (பிளாக் என்பது தயாரிப்புத் தொகுதி எண்) போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரிக் கிட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிட்டுடன் வந்த விமானி அறை மிகவும் தட்டையாக இருந்ததால், இந்தக் கிட்டுக்கென்றே தனியாக ரெசினில் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) வார்த்த காக்பிட் தொகுப்பு ஒன்றையும், எஞ்சினின் பின்முனையான ரெசின் நாசில் ஒன்றையும், ரெசின் சக்கரங்களையும் வாங்கினேன். காக்பிட் தொட்டியின் அடியில் வார்க்கும்போது ஒட்டியிருந்த உபரி ரெசினான வார்ப்புக் கட்டையை அறுத்தெடுத்து, உடலின் உட்புறத்தில் இருந்த தாங்கு விளிம்புகளைச் சீவிவிட்டு, பசையில்லாமல் இரு பாதிகளையும் சேர்த்துப் பார்த்தேன். காக்பிட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ 2 மி.மீ. இடைவெளி நிற்கிறது. ரப்பர் பட்டை போட்டு இறுக்கினால் மூடிக்கொள்கிறது, பட்டையை எடுத்ததும் விரிந்துவிடுகிறது. தொட்டியின் பக்கச்சுவர் ஏற்கெனவே மெல்லியதாக இருப்பதால், இன்னும் தேய்த்தால் துளை விழுந்துவிடும் என்று அஞ்சுகிறேன். இறுக்கிப் பிடித்து ஒட்டிவிடலாமா?

இதையொட்டி இன்னொரு கேள்வியும் உண்டு. ரெசின் பாகங்களில் எவை உண்மையிலேயே மாதிரியின் தோற்றத்தை உயர்த்துகின்றன, எவற்றைத் தவிர்த்துவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் அடுத்த கிட்டுக்காவது திட்டமிட்டு வாங்குவேன்.

மணல்தாள்:
நண்பரே, தயவுசெய்து இறுக்கி ஒட்டாதீர்கள். கிட்டின் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். திரவப் பசை அதைக் கரைத்து ஒன்றோடொன்று இணைக்கிறது. அந்த இணைப்பு வலுவானதுதான் என்றாலும், உள்ளே ஒரு விசை இடைவிடாமல் பிரித்துக்கொண்டே இருந்தால், வண்ணம் பூசி முடித்துப் பல வாரங்கள் கழித்துக்கூட மயிரிழை போன்ற விரிசல் விழும். என்னுடைய பழைய மாதிரி ஒன்றின் முதுகில் அப்படி விழுந்த கோட்டைச் சரிசெய்ய, பாதி வண்ணத்தைச் சுரண்ட வேண்டியிருந்தது. இன்னொரு விளைவும் உண்டு. இறுக்கி மூடிய உடலின் அகலம் காக்பிட் விளிம்பில் சற்றே கூடிவிடும். அப்போது கிட்டின் கண்ணாடி மூடி அந்த அகலத்துக்குப் பொருந்தாது. எஃப்-16 இன் மூடி சட்டமில்லாத பெரிய குமிழ் என்பதால், அந்த ஏற்றத்தாழ்வு முதல் பார்வையிலேயே கண்ணில் படும்.

தேய்க்க வேண்டியது ரெசினை அன்று, கிட்டின் பிளாஸ்டிக்கை. உங்கள் உடற்பகுதியின் சுவர் 1 மி.மீ. தடிமன் இருந்தால், 1/48 அளவில் அது 48 மி.மீ. தடிமனுள்ள விமானத் தோலுக்குச் சமம். உண்மையான விமானத்தின் உலோகத் தோல் பெரும்பாலான இடங்களில் ஓரிரு மி.மீ. தடிமன்தான் இருக்கும். ஆகவே உட்புறத்திலிருந்து எவ்வளவு சுரண்டினாலும் உண்மையை நோக்கித்தான் போகிறீர்கள்.

எங்கே இடிக்கிறது என்பதைக் கண்ணால் ஊகிக்க வேண்டாம். 4பி அல்லது 6பி போன்ற மென்மையான பென்சிலை எடுத்து, ரெசின் தொட்டியின் வெளிப்பக்கம் முழுவதும் கரி பூசுங்கள். தொட்டியை அதன் இடத்தில் வைத்து, இரு பாதிகளையும் மெதுவாக மூடி, ஒரு முறை அழுத்திவிட்டுத் திறங்கள். உடலின் உட்புறத்தில் கரி படிந்திருக்கும் புள்ளிகளே இடிக்கும் இடங்கள். வளைந்த அலகுள்ள கத்தியை நிமிர்த்திப் பிடித்து, அந்தப் புள்ளிகளை மட்டும் சுருள்சுருளாகச் சுரண்டியெடுத்து, மறுபடியும் கரி பூசி மூடிப் பாருங்கள். இதைப் பத்துப் பதினைந்து முறை செய்ய வேண்டியிருக்கலாம். இடையிடையே அந்தப் பாதியை ஒரு விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிற பிளாஸ்டிக் மெலிய மெலிய வெளிச்சத்தை விடத் தொடங்கும். ஓரிடத்தில் வெளிச்சம் தெளிவாகத் தெரிந்தால் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் வெளியே வரிக்கோடு செதுக்கியிருக்கும் இடத்தில் கத்தி மறுபக்கம் வந்துவிடும்.

செம்பருந்து:
கரி பூசும் முறையோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பக்கச்சுவர்தான் குற்றவாளி என்று எல்லோரும் முதலில் நினைக்கிறோம். ஆனால் எஃப்-16 இல் காற்று உள்ளிழுக்கும் குழாய் காக்பிட்டுக்குக் கீழேயிருந்து பின்னோக்கிச் செல்கிறது. தொட்டியின் அடியில் வார்ப்புக் கட்டையின் மிச்சம் அரை மி.மீ. இருந்தாலும், அது அந்தக் குழாயின் கூரையில் ஏறி உட்கார்ந்து, தொட்டியை மேலே தூக்கிவிடும். உடல் மேல்நோக்கிக் குறுகுவதால், தூக்கப்பட்ட தொட்டி பக்கங்களில் இடிக்கிறது. எனவே அடிப்பாகத்திலும் கரி பூசுங்கள். பின்சுவரின் இரு மூலைகளையும் மறக்க வேண்டாம்.

கட்டையை அறுத்த பிறகு அடிப்பாகத்தைச் சமன்செய்ய, ஒரு கண்ணாடிப் பலகையின்மேல் ஈரமாகத் தேய்க்கும் 320 எண் மணல்தாளை ஒட்டி, சில துளி நீர் விட்டு, பாகத்தை எட்டு வடிவில் தேய்ப்பதே நல்லது. ஒரே திசையில் தேய்த்தால் விரலின் அழுத்தம் விழும் பக்கம் அதிகம் தேய்ந்து, தொட்டி சாய்ந்துவிடும். நீர் விடுவதற்கு வேறொரு முக்கியமான காரணமும் இருக்கிறது. பாலியூரித்தேன் ரெசினின் தூள் மிக நுண்மையானது. மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. உலர்வாக அறுக்க நேர்ந்தால் தூசி வடிகட்டும் முகமூடி அணியுங்கள், வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடையுங்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் ரெசினை உலர்வாகத் தேய்க்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நிலாச்சிறகு:
இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்ல முயல்கிறேன். கிட் பிளாஸ்டிக்கில் சில நுணுக்கங்கள் ஏன் வருவதில்லை என்று புரிந்துகொண்டால், எதை வாங்குவது என்பது தானாகவே விளங்கிவிடும். கிட் பாகங்கள் எஃகு அச்சுகளில் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்திச் செய்யப்படுகின்றன. அச்சின் இரு பாதிகளும் நேராகப் பிரிய வேண்டும். ஆகவே பாகத்தின் முகத்தில் எவ்வளவு நுணுக்கம் வேண்டுமானாலும் வரும். பக்கவாட்டில் குடைந்த வடிவம் இருந்தால் பாகம் அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். அதனால்தான் கிட் இருக்கையின் முன்புறம் நன்றாகவும் பக்கங்கள் வெறும் சுவராகவும் இருக்கின்றன. ரெசினை வார்க்கும் சிலிக்கோன் அச்சு ரப்பரைப் போல வளையும். குடைந்த இடத்திலிருந்தும் பாகத்தை உரித்தெடுத்துவிடலாம்.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட முறை இது: குடைவும் ஆழமும் உள்ள பாகம், அதுவும் மாதிரியைப் பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்கும் இடத்தில் இருந்தால், ரெசின் வாங்குவேன். எஜெக்‌ஷன் இருக்கை (ஆபத்தில் விமானியோடு வெளியே பாயும் இருக்கை) இதற்கு முதல் எடுத்துக்காட்டு. எஃப்-16 இல் ஏசஸ் 2 இருக்கை 30 பாகை பின்சாய்ந்திருக்கிறது, மூடியோ முழுக் கண்ணாடிக் குமிழ். மேலிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இருக்கைதான் தெரியும். நான் பல கிட்டுகளில் ரெசின் இருக்கையை மட்டும் வாங்கி, கிட்டின் தொட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, கருவிப் பலகைக்குப் புடைப்பாக அச்சிடப்பட்ட முப்பரிமாண டெக்கால் (ஒட்டுப்படம்) ஒட்டியிருக்கிறேன். உடலைச் சுரண்டும் வேலையே இல்லை. மூடியை மூடிய நிலையில் வைப்பதாக இருந்தால், முழு ரெசின் தொட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அரை அடி தூரத்திலிருந்து காண்பது கடினம்.

சக்கரம் மடங்கி உள்ளே போகும் சக்கரக்குழி வேறு கதை. மாதிரி மேசையில் நிற்கும்போது அதைத் திருப்பிப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர் மட்டுமே. அங்கு முழு ரெசின் குழி வைக்க உடலின் உட்புறத்தைக் காகிதம் போலச் சுரண்ட வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாகக் கிட்டின் குழிக்குள் மெல்லிய ஈயக்கம்பியையும் செம்புக்கம்பியையும் வளைத்து நாலைந்து குழாய்களை ஓட்டினாலே போதும்.

கூர்முனை:
நிலாச்சிறகு சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். சக்கரக்குழியில் மட்டும் உடன்படவில்லை. மாதிரியைக் கட்டுபவர் தன் மனநிறைவுக்காகக் கட்டுகிறார். யாரும் பார்க்காத குழியாக இருந்தாலும், அது சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருப்பது எனக்குப் பெரிது. அதிருக்கட்டும். வான்தச்சன் நாசிலும் வாங்கியிருப்பதாகச் சொல்கிறார். அது எந்த எஞ்சினுக்குரியது என்று பார்த்துவிட்டீர்களா?

எஃப்-16 வரிசையில் பிளாக் 30 முதல் இரண்டு எஞ்சின்கள் பயன்பட்டன. எண் 0 இல் முடியும் பிளாக் 30, 40, 50 ஆகியவற்றில் ஜெனரல் எலெக்ட்ரிக் எஃப்110. எண் 2 இல் முடியும் 32, 42, 52 ஆகியவற்றில் பிராட் அண்ட் விட்னி எஃப்100. இரண்டின் நாசில் இதழ்களும் வடிவில் வேறுபட்டவை. முன்னாலிருக்கும் காற்றுவாயும் வேறுபடும்: எஃப்110 எஞ்சினுக்கு அதிகக் காற்று தேவைப்பட்டதால், பிளாக் 30 இன் தொடக்க விமானங்கள் நீங்கலாக, ஜெனரல் எலெக்ட்ரிக் எஞ்சின் பொருத்தியவற்றுக்கு அகன்ற வாய் உண்டு. உங்கள் பிளாக் 50 இல் எஃப்100 நாசிலைப் பொருத்திவிட்டால், எவ்வளவு அழகாக வண்ணம் தீட்டினாலும், முன்னும் பின்னும் இரு வேறு விமானங்களாகிவிடும். பெட்டியில் வெறுமனே “எஃப்-16 நாசில்” என்று அச்சிட்டிருப்பதை நம்பாமல், வாலெண் தெரிகிற விமானத்தின் படத்தோடு ஒப்பிடுங்கள்.

இந்தத் தவறு இருக்கைகளிலும் நிகழ்கிறது. மிக்-21 பிஎஃப் வரை எஸ்கே இருக்கை. அதன் ஒற்றைத் துண்டு மூடி முன்புறம் கீலிட்டுத் திறந்தது, விமானி வெளியேறும்போது மூடியும் அவரோடு சென்று காற்றின் மோதலிலிருந்து காத்தது. பிஎஃப்எம் வகையிலிருந்து கேஎம்-1 இருக்கையும் வலப்புறம் திறக்கும் மூடியும் வந்தன. எஃப்-14ஏ என்றால் ஜிஆர்யூ-7ஏ இருக்கை, எஃப்-14டி என்றால் நேசஸ் இருக்கை. ரெசின் பாகத்தின் நுணுக்கம் கூடக்கூட, தவறான வகையும் அதே அளவுக்குத் துல்லியமாகத் தெரியும்.

நாசிலுக்கு ரெசின் வாங்குவது வீண் என்று இதனால் எண்ணிவிட வேண்டாம். எஃப்-15 ஐப் பாருங்கள். எஃப்100 நாசிலை மூடியிருந்த வெளி இதழ்களை அமெரிக்க வான்படை கழற்றிவிட்டதால், உள்ளிருக்கும் தண்டுகளும் இணைப்புகளும் வெளியே தெரிகின்றன. அந்த வலைப்பின்னலைக் கிட் பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் ஒரு புடைப்பு ஓவியமாகத்தான் காண்கிறோம். வார்த்த ரெசினிலோ அச்சிட்ட ரெசினிலோ தண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் வெளிச்சம் புகுந்து வரும். எனக்கு மிகவும் பிடித்த ரெசின் பாகம் அதுதான்.

வான்தச்சன்:
அனைவருக்கும் நன்றி. கூர்முனை கேட்டதும் நாசிலை எடுத்துக் கிட்டின் நாசிலுடன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரெசினில் வந்திருப்பது எஃப்100. என் விமானத்துக்கு உதவாது. பிளாக் 52 கட்டும்போது பயன்படுத்திக்கொள்வேன். இப்போதைக்குக் கிட்டின் நாசிலையே வைத்துக்கொண்டு இதழ்களின் விளிம்பை உட்புறமிருந்து மெலிதாக்குகிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள். சக்கரங்களை நீரில் கழுவியும் பிரைமர் (அடிப்பூச்சு) ஓரிடத்தில் பற்றாமல் விலகி நின்றது. மேலும், இப்போது வரும் முப்பரிமாண அச்சுப் பாகங்கள் வார்த்த ரெசினைவிட மேலானவையா?

மணல்தாள்:
பற்றாததற்குக் காரணம் அச்சிலிருந்து எளிதாக உரிவதற்காகப் பூசும் எண்ணெய்ப் பசை. வெறும் நீர் அதை அகற்றாது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, அலசி, உலர்ந்த பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரு முறை துடையுங்கள். அதன் பிறகு வெறும் விரலால் தொடாமல் பிரைமர் அடியுங்கள்.

சக்கரங்களைப் பற்றி ஒரு குறிப்பு. டயரின் அடியில் விமானத்தின் எடையைக் காட்டும் தட்டையான பகுதி செதுக்கப்பட்டிருக்கும். அது தரையோடு சரியாகப் படியும்படி, இறங்குகால்களின் பசை உலர்ந்து உறுதியான பிறகே சக்கரத்தை ஒட்டுங்கள். அதிகமாகப் பிதுங்கிய டயர்களைத் தவிர்ப்பது நல்லது. ஜெட் போர்விமானங்களின் டயர்களில் காற்றழுத்தம் மிக உயர்ந்தது. விமானந்தாங்கிக் கப்பலில் இயங்கும்போது இன்னும் உயர்த்துவார்கள். அவை காற்று இறங்கிய மிதிவண்டி டயர் போலப் பிதுங்குவதில்லை. இறங்குகால்களை மட்டும் ரெசினில் வாங்க வேண்டாம். எடையைத் தாங்கி நிற்கும் மெல்லிய ரெசின் கால், கோடை வெப்பத்தில் சில மாதங்களில் மெல்ல மெல்ல வளைந்துவிடும். கிட்டின் கால்களோ உலோகக் கால்களோ போதும்.

செம்பருந்து:
அச்சா வார்ப்பா என்ற கேள்விக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். 1980களில் பெல்ஜியத்தின் வெர்லிண்டன் தொகுப்புகள் இந்தப் பழக்கத்தைப் பரப்பின; பிறகு செக் நாட்டின் ஏரெஸ், எட்வார்ட், சிஎம்கே ஆகியவை வார்ப்பின் தரத்தை மிக உயரத்துக்குக் கொண்டுபோயின. வார்ப்பில் இரண்டு இடர்கள் இயல்பாகவே உண்டு. ஒன்று, ரெசின் இறுகும்போது சிறிது சுருங்கும். சிறிய இருக்கையில் அது தெரியாது, 150 மி.மீ. நீளமுள்ள பாகத்தில் நூற்றில் ஒரு பங்கு சுருங்கினாலும் 1.5 மி.மீ. குறைந்துவிடும். மற்றொன்று, ரெசின் இறுகும்போது வெளிப்படும் வெப்பத்தால் சிலிக்கோன் அச்சு ஒவ்வொரு வார்ப்பிலும் சிறிது தேய்கிறது; அச்சின் கடைசிக் காலத்தில் வார்த்த பாகத்தில் விளிம்புகள் மழுங்கியும் காற்றுக் குமிழ்களோடும் இருக்கும்.

முப்பரிமாணத்தில் அச்சிட்ட பாகத்தில் வார்ப்பச்சு தேய்வது என்ற இடர் இல்லை. புறஊதா ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கப்படுவதால் இருக்கையின் பட்டைக்கும் மெத்தைக்கும் நடுவிலிருக்கும் இடைவெளிகூட உண்மையான இடைவெளியாக வருகிறது. எட்வார்டின் பிராசின் வரிசையிலேயே இப்போது பல தொகுப்புகள் அச்சிட்டவைதான். ஆனால் அச்சுப் பாகம் நொறுங்கும் தன்மையுடையது. அச்சிடும்போது பாகத்தைத் தாங்கும் தாங்குதண்டுகளை இடுக்கியால் முறித்தால், தண்டோடு சேர்ந்து பாகத்தின் ஒரு துணுக்கும் பெயர்ந்து வரும். நான் பாகத்தை ஒரு நிமிடம் வெந்நீரில் வைத்து, சற்று இளகிய பிறகு, கூர்மையான புதிய அலகால் ஒவ்வொரு தண்டையும் பாகத்திலிருந்து 1 மி.மீ. தள்ளி அறுத்து, மிச்சத்தைத் தேய்த்தெடுக்கிறேன். வளைந்த முகப்புகளில் மலைச்சரிவின் வயல் வரப்புகளைப் போல அடுக்குக்கோடுகள் தெரியலாம். நீர்த்த கருவண்ணத்தை ஓடவிட்ட பிறகே அவை முழுமையாக வெளிப்படும் என்பதால், பிரைமர் அடித்ததும் சாய்வான வெளிச்சத்தில் சோதியுங்கள்.

நிலாச்சிறகு:
விரிந்த ஃபிளாப்கள் (இறக்கையின் பின்விளிம்பில் கீழிறங்கும் மடல்கள்), திறந்த எஞ்சின் மூடிகள் போன்ற தொகுப்புகளை வாங்கும் எண்ணமிருந்தால், உண்மை விமானம் தரையில் அப்படி நின்றதா என்று முதலில் பாருங்கள். பி-51 முஸ்டாங்கில் எஞ்சின் நின்ற பிறகு நீரியல் அழுத்தம் குறைய, ஃபிளாப்களும் உட்பக்கச் சக்கர மூடிகளும் தாமாகவே இறங்கும். அதற்கு இறங்கிய ஃபிளாப் பொருத்தம். ஸ்பிட்ஃபயரில் அப்படியில்லை. தரையிறங்கியதும் விமானி ஃபிளாப்பை ஏற்றிவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பான பழக்கம். நிறுத்தியிருக்கும் ஸ்பிட்ஃபயரின் படங்களில் ஃபிளாப் இறங்கியிருப்பது அரிது. போட்டோ எட்ச் (அமிலத்தால் அரித்துச் செய்த மெல்லிய உலோகத் தகடு) விலா எலும்புகளோடு வரும் ஸ்பிட்ஃபயர் ஃபிளாப் தொகுப்பு மிக அழகானது. எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆயினும் என் ஸ்பிட்ஃபயர்களில் அதை வைக்கவில்லை.

வான்தச்சன்:
உடல் மூடிவிட்டது. செய்தவற்றைப் பதிந்துவைக்கிறேன், இதே சிக்கல் வருபவருக்குப் பயன்படலாம்.

கரி பூசிப் பார்த்ததில், பக்கச்சுவர்களில் இரண்டே புள்ளிகள்தான் கறுத்தன. முக்கியமாக இடித்தது செம்பருந்து சொன்ன அடிப்பாகமும், பின்சுவரின் இடது மூலையும். வார்ப்புக் கட்டையை அறுக்கும்போது ரம்பம் சற்றே சாய்ந்திருக்கிறது. தொட்டியின் அடி ஒரு பக்கம் 0.7 மி.மீ. உயரமாக இருந்தது. அதைக் கண்ணாடிமேல் சமன்செய்த உடனே 2 மி.மீ. இடைவெளி 0.5 மி.மீ. ஆகக் குறைந்தது. பிறகு பதினான்கு முறை கரியும் கத்தியும். இப்போது விரலால் இலேசாகப் பிடித்தாலே மூடுகிறது, கண்ணாடி மூடியின் விளிம்பும் சரியாக உட்காருகிறது.

ஒட்டுவதற்கு ஐந்து நிமிட எப்பாக்சியைத் தேர்ந்தெடுத்தேன். திரவப் பசை ரெசினைக் கரைக்காது. சூப்பர் க்ளூ தொட்ட நொடியே பிடித்துவிடுவதால் நேராக்க நேரம் கிடைக்காது. முதலில் தொட்டியை வலப்பாதியில் மட்டும் ஒட்டி, இடப்பாதியைப் பசையில்லாமல் மூடி நாடாவால் கட்டி வைத்தேன். அதனால் எப்பாக்சி சரியான நிலையிலேயே இறுகியது.

ரெசின் தொட்டியும் இருக்கையும் கனமாக இருந்ததால் எடைச் சமநிலையையும் சோதித்தேன். ரெசினின் அடர்த்தி பாலிஸ்டைரீனைவிடச் சிறிதே அதிகம். உள்ளீடற்ற கிட் பாகத்தின் இடத்தில் திண்மமான பாகம் வருவதால்தான் எடை கூடுகிறது. இறக்கையையும் வாலையும் நாடாவால் பொருத்தி, முதன்மைச் சக்கரங்கள் வரும் இடத்தில் இரு விரல்களை வைத்துத் தூக்கியபோது மூக்கு தாழ்ந்தது. எடை எதுவும் சேர்க்கவில்லை. எஃப்100 நாசிலை அதே நிலையில் வாலில் வைத்துப் பார்த்தால், மூக்கு மேலே எழத் தொடங்குகிறது. பிளாக் 52 கட்டும்போது மூக்கில் ஈயம் வைக்க வேண்டும் என்று வழிகாட்டித் தாளில் எழுதிவைத்திருக்கிறேன்.

கூர்முனை:
நன்று. கண்ணாடி மூடியை ஒட்டும்போது சூப்பர் க்ளூவை அருகில் கொண்டுபோக வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெண்புகை போலப் படியும், மூடிய பிறகு துடைக்க வழியில்லை. உள்ளே இருக்கை ஒட்டுவதற்குச் சூப்பர் க்ளூ பயன்படுத்தியிருந்தால், ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்துவிட்டு மூடுங்கள். மூடிக்கு வெண்பசை போதும், காய்ந்தால் நிறமற்றதாகிவிடும். தவறினாலும் ஈரப்பஞ்சால் துடைத்து மறுபடி வைக்கலாம்.

வான்தச்சன்:
இருக்கையை நேற்றிரவு சூப்பர் க்ளூவால்தான் ஒட்டினேன். மூடியை நாளை மறுநாள் வைக்கிறேன். அதுவரை தூசி படாமல் காக்பிட்டின்மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டு வைத்திருக்கிறேன்.